யாரும் இடம் மாறக் கூடாது

மட்டையைப் பரணில் போட்டுவிட்டு மேக்கப் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளும் இனம் ஒன்று உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பிக்க வழியில்லை. பதினைந்து வருஷம் மைதானத்தில் தூரத்துப் புள்ளியாக ஓடிக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்ற மறு மாதமே உங்கள் வீட்டுக் கூடத்துக்குள் வந்து, தரை துடைக்கும் திரவத்தைப் பற்றி உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசுவார். அடுத்த மாதம் ஒரு படத்தில் போலீஸ் அதிகாரியாக வந்து இடைவேளைக்கு முன்பே சுடப்பட்டுச் சாவார். அதற்கடுத்த மாதம் ஒரு போட்டியில் பாடுவார், ஒரு போட்டியில் சமைப்பார், இன்னொன்றில் முன்பின் தெரியாத பத்துப் பேரோடு ஒரே வீட்டில் அடைந்து கிடந்து, யார் தட்டைக் கழுவாமல் போட்டது என்று சண்டை பிடிப்பார். எதற்காக? கேட்டுப் பாருங்கள். "புது சவால்" என்பார். தோற்ற அன்று சாயங்காலம் மைக் முன்னால் சொல்லிப் பழகிய நாலு வாக்கியங்கள் அவரிடம் கைவசம் இருக்கும்: பையன்கள் நன்றாக உழைத்தார்கள், சில விஷயங்கள் நம் கையில் இல்லை, ஒவ்வொரு பந்தாகப் பார்க்கிறோம், ரசிகர்களுக்கு நன்றி. படம் ஓடாததற்கும் இதையே சொல்வார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததற்கும் இதையே சொல்வார்.

இந்த இனத்தில் சுத்தமான மாதிரி வேண்டுமென்றால் பசையைத்தான் காட்ட வேண்டும்.

பசை என்பது பட்டப்பெயர். தோற்க வேண்டிய ஓர் ஆட்டத்தில் ஆறு மணி நேரம் நின்று, நாற்பத்தோரு ரன் எடுத்து, டிரா செய்து கொடுத்தவர் அவர். பந்து வீசியவர்கள் சலித்துப் போனார்கள், பார்க்க வந்தவர்கள் தூங்கிப் போனார்கள், ஒரு நடுவருக்குக் கால் மரத்துப் போனது. மறுநாள் ஒரு நிருபர் 'பசை' என்று எழுதினார். அன்றிலிருந்து பெற்ற தாய்கூட அப்படித்தான் கூப்பிட்டாள்.

அவர் மனைவி மட்டும் "ஏங்க" என்று கூப்பிட்டாள். அவளைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தையல்காரரின் மகள். அவள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் காலேஜ் படி ஏறியதில்லை. அவள் ஏறினாள், இரண்டாம் வருஷம் கல்யாணமாகி இறங்கினாள். பிறகு அஞ்சல் வழியில் மறுபடி சேர்ந்து, வருஷத்துக்கு ஒன்றிரண்டு தாளாக எழுதி, கடைசியில் ஒரே ஒரு தாள் பாக்கி வைத்திருந்தாள். புள்ளியியல். முதல் தடவை அதை எழுத வேண்டிய வாரம் பசை வெளிநாட்டுப் பயணத்தில் மனைவியும் கூட வர வேண்டும் என்றார். இரண்டாம் தடவை பசைக்கு முழங்காலில் ஆபரேஷன். "அடுத்த தடவை எழுதிக்கலாம்மா" என்று இரண்டு தடவையும் ஆறுதல் சொன்னவர் பசைதான்.

சரி, நடிப்புக்கு வருவோம். அவர் கிரிக்கெட்டை விட்டாரே ஒழிய, கிரிக்கெட் அவரை விடவில்லை. முதல் நாள் படப்பிடிப்பில், அவர் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் டேப் ஒட்டியிருந்தார்கள். பசை அங்கே போய், ஷூ முனையால் ஒரு கோடு இழுத்து, காமிராக்காரரிடம், "மிடில் ஸ்டம்ப்புக்கு நேரா இருக்கேனா?" என்று கேட்டார். மேக்கப்பை இடது கன்னத்தில்தான் ஆரம்பிக்க விடுவார், ஏனென்றால் ஆடும் காலத்தில் இடது காலில்தான் முதலில் பேட் கட்டுவார். எதிரே கதாநாயகி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுது வசனம் பேசும்போது இவர் பார்வை மெதுவாக அவள் தோளுக்கு மேல் போய், பின்னால் யார் யார் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்துவிடும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கல், சண்டைக் காட்சி. ஸ்டண்ட் ஆள் குத்துவது போல் கையை வீச, பசை வாங்கியது போல் காட்ட வேண்டும். அவ்வளவுதான். நாலு டேக் போயிற்று.

"சார், அடி வாங்கினா வலிக்கணும் சார்," என்றார் இயக்குநர்.

"வலிக்குது சார்."

"முகத்துல ஒண்ணுமே தெரியலையே."

"தெரியக் கூடாது சார். தெரிஞ்சா அடுத்த பந்தையும் அதே எடத்துல போடுவான்."

ஐந்தாவது டேக்கில் ஸ்டண்ட் ஆள் கணக்குத் தவறி நிஜமாகவே விலாவில் இறக்கிவிட்டான். பசை அசையவில்லை. தடவிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஃபீல் பண்ணுங்க சார்."

"இந்தத் தடவை நெஜமாவே பட்டுடுச்சு சார்," என்றார் பசை, ஏதோ மணி சொல்வது போல.

எக்ஸ்ரேயில் விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டிருந்தது. படம் வந்தபோது விமர்சகர்கள், 'முகமா, மூடிய கதவா' என்று கேட்டார்கள். அவர் மனைவி அந்த விமர்சனத்தை இரண்டு தடவை படித்தாள். அடிபட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது என்பது மட்டையாளர்களின் எழுதாத சட்டம். மைதானத்தில் அது வீரம். வீட்டில்? இவருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியாமலே ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளைத்தான் கேட்க வேண்டும்.

படம் கைவிட்டது, டிவி கைகொடுத்தது. ஆறு மணி நேரம் அசையாமல் நின்றதற்காகப் பேர் வாங்கிய மனிதரைப் பிரபலங்களின் நடனப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். யாருடைய யோசனையோ தெரியவில்லை, மகா குறும்புக்காரராக இருக்க வேண்டும். ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு நேரலை. பார்க்கிறவர்கள் ஓட்டுப் போட வேண்டும். குறைவாக வாங்கியவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

முதல் வாரம் பசை ஆடியதை நடனம் என்று சொன்னால் நடனம் கோபித்துக்கொள்ளும். பேருந்துக்குக் காத்திருக்கிறவர் கால் மாற்றி நிற்பது போல இருந்தது. நடுவர்கள் பத்துக்கு இரண்டு போட்டார்கள். ஆனால் ஓட்டு? குவிந்தது. அவர்தான் முதலிடம்.

இங்கேதான் நீங்கள் ஓய்வறை வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே இரண்டு பேர் விக்கெட் விழாமல் ஆடிக்கொண்டிருந்தால், உள்ளே இருக்கிற மற்றவர்கள் யாரும் இடம் மாறக் கூடாது. கால் மேல் கால் போட்டவர் போட்டபடியே இருக்க வேண்டும், பாதி வாழைப்பழம் கையில் இருந்தால் பாதியோடு இருக்க வேண்டும். ஒரு தடவை, அணியின் பிசியோ, மூன்று மணி நேரம் அடக்கி வைத்துவிட்டு, இனி உயிரே போனாலும் சரி என்று எழுந்து கழிவறைக்குப் போனார். அவர் கதவைச் சாத்தவும் வெளியே ஸ்டம்ப் பறக்கவும் சரியாக இருந்தது. அந்தத் தொடர் முழுக்க அவரோடு ஒருத்தரும் பேசவில்லை. பெரிய பெரிய கோப்பைகள் இப்படித்தான் வெல்லப்படுகின்றன என்று பசை உளமார நம்பினார்.

ஆகவே முதலிடம் வந்த அன்றே அவர் அரங்கத்தில் பார்வையாளர் வரிசைக்கு ஏறிப் போய், தன் குடும்பம் எங்கெங்கே எப்படி இருந்தது என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். மனைவி இரண்டாம் வரிசையில் ஒன்பதாம் நாற்காலி, ஏசி குளிருக்கு ஊதாச் சால்வை போர்த்தியிருந்தாள். பத்தாம் நாற்காலியில் அவருடைய அம்மா, மேடைப் புகை ஒத்துக்கொள்ளாமல் மூன்று தும்மல் போட்டிருந்தாள். மனைவியின் அண்ணன், உட்கார இடம் கிடைக்காததால், வேலை செய்த சீருடையோடே நடைபாதைப் படியில் ஒரு காலை மேல்படியிலும் ஒரு காலைக் கீழ்ப்படியிலும் வைத்து நின்றிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"இனிமே யாரும் இடம் மாறக் கூடாது," என்றார் பசை.

"மாப்ள, எனக்கு ஒரு நாற்காலி சொல்லிப் பாருங்களேன்."

"மச்சான், நீங்க நிக்கிற எடம்தான் ரொம்ப முக்கியம்."

பதினோரு வாரம். லிஃப்ட் மெக்கானிக் பதினோரு வாரமும் இரண்டு படிகளில் கால் பரப்பி நின்றார். பசையின் அம்மா, தும்மல் தானாக வராத வாரங்களில் கைக்குட்டையில் மிளகுத்தூள் முடிந்துகொண்டு வந்தாள். வெயில் காலம் வந்து, ஏசி பழுதாகி, அரங்கமே விசிறிக்கொண்டிருந்த அன்றும் ஊதாச் சால்வை இறங்கவில்லை. ஒருநாள் மனைவி அதைத் துவைக்க எடுத்தாள். பசை வாளியிலிருந்து பிடுங்கினார்.

"ஏங்க, சனங்க எதுக்கு ஓட்டுப் போடுறாங்கன்னு தெரியுமா? நீங்க ஆடறதப் பாத்தா சிரிப்பு வருதாம். வாரம் பூரா ஆபீஸ்ல கடுப்பா இருக்கு, இவரு காலத் தூக்கினா கவலை போயிடுதுன்னு எழுதியிருக்காங்க. படிக்கட்டுமா?"

"அது வேற."

"என்ன வேற?"

"அது வேறம்மா. உனக்குப் புரியாது."

அவளுக்கா புரியாது? அவள் அப்போது நிகழ்தகவுப் பாடத்தில் இருந்தாள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒரு நாணயத்தச் சுண்டறோம். பத்துத் தடவையும் தலையே விழுது. பதினோராவது தடவ?"

"யாரு சுண்டறா?"

"யாரா இருந்தா என்ன?"

"எந்தக் கையால?"

"நாணயத்துக்கு அதெல்லாம் தெரியாதுங்க. முன்னாடி என்ன விழுந்துச்சுன்னும் அதுக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் புதுசுதான்."

பசை புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார். "நீ பத்துத் தடவையும் எங்க உக்காந்திருந்த?" என்று கேட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தேர்வு அட்டவணை வந்தது. புள்ளியியல், ஞாயிற்றுக்கிழமை, இரண்டிலிருந்து ஐந்து. நடனப் போட்டியின் இறுதிச்சுற்று, அதே ஞாயிறு, மூன்று மணி. அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: அவள் பதிவு செய்து ஏழு வருஷம் முடிகிறது, இந்தத் தடவை தவறினால் பழைய தாள்கள் எதுவும் செல்லாது, முதலிலிருந்து சேர வேண்டும். மகள் பட்டம் வாங்கினால் மாட்ட வேண்டும் என்று கடைச் சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிற தையல்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அவள் காகிதத்தை அவரிடம் நீட்டினாள். பசை படித்தார். பொடி எழுத்தையும் படித்தார். தப்பான மனிதர் இல்லை, அதுதான் தொல்லை.

"பதிலுக்கு யாரையாவது உக்கார வைக்கலாமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "சால்வையப் போத்தி, உன் சித்தி மகள..."

"வைங்க."

"செல்லாதும்மா. பதில் ஆளு ஃபீல்டிங்தான் பண்ணலாம். பேட்டிங் பண்ண முடியாது. விதி."

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் இருக்கிற எல்லோரும் அவளிடம் பேசிப் பார்த்தார்கள். மாமியார், "ஏம்மா, நான் மூக்குல மிளகு போட்டுக்கறேன், நீ ஒரு நாள் உக்காரக் கூடாதா?" என்றாள். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் போன் செய்து, மேடம் வராவிட்டால் காமிரா கோணமே கெட்டுவிடும் என்றார். அண்ணன் மட்டும், "நான் லிஃப்ட் சரி பண்றவன். மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்கறது மட்டும்தான் எனக்குத் தெரியும். போறதுன்னா சொல்லு," என்றார்.

அவள் நடுவில் நின்று ஆடிப்போனது உண்மை. யோசித்துப் பாருங்கள்: போகவும் வேண்டும், போய் அவர் தோற்றுவிட்டால் காலத்துக்கும் அந்த நாற்காலி அவள் பெயரில் எழுதப்பட்டுவிடும். நாற்காலிக்கு ஒரு சக்தியும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் எதற்கு இத்தனை நாள் போய் உட்கார்ந்தாள்?

சனிக்கிழமை காலை பசை நடனக் காலணிக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். இடது காலணி முதலில்.

"நான் நாளைக்கிப் பரீட்சைக்குப் போறேங்க."

பசையின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கண் இமைக்கவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்தார், எழுந்தார், ஜன்னல் வரை நாலு தப்படி நடந்து திரும்பி வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, பிரஷ்ஷை எடுத்தார். பந்து விலாவில் பட்ட மட்டையாளர் ஸ்கொயர் லெக் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த பந்துக்கு நிற்கிற அதே நடை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு அடி எங்கே பட்டதென்று தெரிந்தது. தெரிந்தும் அவள் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"நல்லா எழுது," என்றார் அவர், காலணியைப் பார்த்தபடி.

ஞாயிறு பகல் ஒரு மணிக்கு அவள் மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு வந்து, பஸ் நிறுத்தத்தில் பையைத் திறந்து பார்த்தாள். பேனா இருந்தது. இருந்தது கறுப்புப் பேனா. நீலப் பேனாவை மேசை மேலேயே விட்டுவிட்டாள். பஸ் வந்தது. அவள் ஏறாமல் ஓடினாள். மூன்று மாடி ஏறி, நீலப் பேனாவை எடுத்து, மூன்று மாடி இறங்கி, அடுத்த பஸ் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, தேர்வறைக் கதவைச் சாத்துவதற்கு நாலு நிமிஷம் முன்னால் உள்ளே நுழைந்தாள். இதை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். பிறகு வருகிறேன்.

அங்கே அரங்கத்தில் என்ன நடந்தது என்பதை அண்ணன்தான் படியை விட்டு இறங்காமல் பார்த்தார். ஒன்பதாம் நாற்காலி காலி. அதன் முதுகில் ஊதாச் சால்வையைப் பசையே காலையில் வந்து போர்த்திவிட்டுப் போயிருந்தார். பாட்டு ஆரம்பித்தது. பசை நாலு தப்படி வைத்தார், நாற்காலியைப் பார்த்தார், நின்றுவிட்டார். பாட்டு போய்க்கொண்டிருந்தது. ஜோடியாக ஆட வந்த நடன ஆசிரியை அவரைச் சுற்றிச் சுற்றி வந்து ஆடினாள், கம்பத்தைச் சுற்றுவது போல. அவர் மறுபடி அசைந்தபோது பாட்டு முடிந்துவிட்டது.

தொகுப்பாளினி மைக்கை நீட்டினாள். "சார், அந்தச் சேர் ஏன் காலியா இருக்கு?"

"வீட்ல பரீட்சை எழுதப் போயிருக்காங்க," என்றார் பசை. சொல்லிவிட்டு, யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். வலது கையைத் தூக்கி, நெஞ்சில் இடது பக்கமாக, மெல்ல இரண்டு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். வயலின்களைத் திறந்துவிட்டார்கள். காமிரா நாற்காலிக்குப் போயிற்று, கைக்கு வந்தது, மறுபடி நாற்காலிக்குப் போயிற்று. மூத்த நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதினோரு வாரமா ஆடினீங்க. இன்னைக்குத்தான் நடிச்சீங்க," என்றார்.

"இல்ல சார்," என்றார் பசை. "இந்தத் தடவை நெஜமாவே பட்டுடுச்சு."

ஓட்டு எத்தனை என்று கேட்காதீர்கள், அவர்களுடைய எண்ணும் இயந்திரமே திணறிவிட்டது. கோப்பை பசைக்கு.

ஐந்தே காலுக்கு அவள் வெளியே வந்து போனைத் திறந்தாள். பிடிபடாமல் தப்பித்த கேட்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மனசில் ஓடுகிற குரலில் பசை பேசினார். ஜெயித்ததைச் சொன்னார். நாற்காலியைச் சொன்னார். நெஞ்சைத் தேய்த்ததை மட்டும் சொல்லவில்லை, அதை அண்ணன் பிற்பாடு சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்த நிதானத்தோடு, "இப்பதாம்மா புரியுது. நீ வந்ததால இல்ல. அந்தச் சேர் காலியா இருக்கணும். இனிமே நீ எங்கயும் வரவே கூடாது," என்றார்.

அவள் மதில் ஓரத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்வி தாளில் வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அதைத்தான் போட்டுப் பார்த்தாள், விடை வரவில்லை.

இன்று பசை எந்தப் படப்பிடிப்புக்குப் போனாலும் காமிராவுக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலி காலியாகப் போட்டு ஊதாச் சால்வை போர்த்த வேண்டும். தெரியாமல் அதில் உட்கார்ந்த ஒரு தயாரிப்பாளரின் படத்திலிருந்து விலகியே விட்டார். சோகக் காட்சி என்றால் நெஞ்சைத் தேய்க்கிறார், இடது பக்கம், சரியாக இரண்டு தடவை. அதற்காகவே கூப்பிடுகிறார்கள்.

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா கிடைத்தன. பட்டம் வாங்கினாள். தையல்காரர் ஆணியில் மாட்டினார். மேற்படிப்புக்குச் சேர்ந்தாள், அதுவும் புள்ளியியல். முதல் வருஷத் தேர்வன்று அண்ணன் அவளைக் கொண்டுபோய் விட வந்தபோது, அவள் மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன பேனா கெடக்கு. ஒண்ண எடுத்துக்கிட்டு வா."

"அந்த நீலப் பேனா அண்ணா. மூடி ஒடஞ்சது."

"அது எழுதவே மாட்டேங்குதே."

"ரீஃபில் மாத்திட்டேன்."

அண்ணன் கதவில் சாய்ந்து நின்று அவளைப் பார்த்தார். "நீதான படிச்சவ. சொல்லு, பேனாவுக்கும் மார்க்குக்கும் என்ன சம்பந்தம்? அதுக்கு ஞாபகம் இருக்கா, முன்னாடி என்ன எழுதினோம்னு?"

அவள் நிமிர்ந்தாள். கொஞ்சம் வெட்கம் வந்தது. ஆனால் தேடுவதை நிறுத்தவில்லை.

"அது வேற அண்ணா," என்றாள்.

சிரித்துவிட்டீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் டிவியில் மேட்ச் ஓடியபோது, தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் தங்கையை "நகராதே, நீ எழுந்தா விக்கெட் விழுது" என்று அதட்டி உட்கார வைத்தது யார்? வேலைக்கான நேர்முகத்துக்கு முழங்கை கிழிந்த அந்தப் பழைய சட்டையைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தது யார்? டாக்டர் நல்ல செய்தி சொன்ன அன்று எந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தீர்களோ, அடுத்த தடவை அது காலியாகும்வரை சுவரோரம் நின்றீர்களே, அது யார்?

தெரியும். நீங்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். அது வேற.